அந்தோனியாருக்கு நேர்ந்த போன்

வவுனியா
26.05.2024

அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று விடுதிக்குப் பொறுப்பான சிஸ்டர் புஸ்பம் சொன்னா. அதனால் கேட்கிறேன். சுகமா?

என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போனதை மேல்மாடி யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பஸ்ஸுக்கு நின்றபோது கண்ணைத் துடைத்தீர்கள் என்று ஒரு பிள்ளை சொன்னாள். நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் சிஸ்டரின் போனில் வீட்டுக்குக் கதைக்கலாமாம். சிஸ்டர் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பா, பின்னால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அப்படி என்னால் கதைக்க முடியாது. கடிதம்தான் எழுதுவேன். இதையும் வாசித்துவிட்டுத்தான் தபாலில் போடுவாவாம். சிஸ்டர், வணக்கம்.

சாப்பாடு பரவாயில்லை. படிக்க இருக்கும்போது தொடையில் போன் அதிர்கிற மாதிரி இருக்கிறது. கை தானாகப் போய்த் தொட்டுப் பார்க்கிறது. வெறும் பாவாடைதான். மற்றப் பிள்ளைகள் கூடி நின்று சிரித்தால் நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. நேற்று பொறுக்க முடியாமல், என்ன பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். கணக்குக் கொப்பியைக் காட்டினார்கள். அதில் கணக்கு ரீச்சரின் படம் கீறியிருந்தது, அவ்வளவுதான். இப்போது எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் போனை யாருக்கும் கொடுக்காதேங்கோ. அலுமாரிக்குள் கலியாணச் சேலைக்குக் கீழே வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். சார்ஜ் மட்டும் போட்டு வையுங்கோ. நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் கை ஆறிவிட்டதா என்று கேட்க எனக்கு முகமில்லை. அதனால் கேட்கவில்லை.

இப்படிக்கு
அனுஜா


ஓலைத்தொடுவாய்
31.05.2024

அன்புள்ள மகள் அனுஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நாங்கள் எல்லோரும் சுகம். கை ஆறிவிட்டது. கேட்கவில்லை என்று நீ எழுதியதே கேட்ட மாதிரித்தான். போனைப் பறிக்கும்போது நீ கடித்த இடம் இன்னும் கறுத்துப்போய்க் கிடக்கிறது. கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவள், "என்ன விஜிதாக்கா, நாய் கடிச்சுப்போட்டுதோ?" என்று கேட்டாள். "ஓம், வீட்டில வளத்த நாய்தான்" என்றேன். அவள் ஊசி போடச் சொன்னாள்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறாய். நினை. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தவள் நான். "சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை, இந்தப் பிள்ளை வீட்டில என்னதான் செய்யுது?" என்று டொக்டர் என்னைக் கேட்டார், உன் சோற்றை நான் பிடுங்கித் தின்றவள் மாதிரி. என்ன பதில் சொல்வேன்? கக்கூசுக்குள் போனோடு இருக்கிறாள் என்றா? ஒரு கையால் சோற்றைப் பிசைந்து, மறு கையால் போனைத் தடவி, கடைசியில் சோறு கோழிக்குப் போகிறது என்றா? சிரிப்பாய், பிறகு அழுவாய். ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை. போனுக்குள் முகத்தை வெள்ளையாக்கி வைத்துப் பார்த்தாய். வீட்டுக் கண்ணாடிக்குத் துவாய் போட்டு மூடினாய். கூப்பிட்டால் கேட்காது, கேட்டால் பாய்வாய். நான் பெற்ற பிள்ளையை அந்தச் சாமான் தின்றுவிட்டுத் தோலை மட்டும் எனக்கு விட்டது.

உனக்கு மட்டும் வந்த வருத்தமும் இல்லை இது. போன கிழமை பேசாலையிலிருந்து வரும்போது பஸ்ஸுக்குள் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் என் கையைப் பிடித்து, "அன்ரி, கலியாணம் கேட்டு வந்தனான்" என்றான். பின்சீற்றில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் விட்ட அறையில் அவன் தன் ஹோல்ற் வரும் முன்னமே இறங்கிப் போனான். எல்லாப் பிள்ளைகளுக்கும் மூளை கழன்றுவிட்டது போல.

போன் பத்திரமாக இருக்கிறது. தரவும் மாட்டேன், சார்ஜ் போடவும் மாட்டேன். அதை என்ன செய்வது என்று எனக்கும் அந்தோனியாருக்கும் இடையில் ஒரு பேச்சு இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அம்மா


வவுனியா
05.06.2024

அம்மா,

அது எந்தப் பெடியன்? எந்தப் பள்ளிக்கூடம்? அவன் வேறு என்ன சொன்னான்? அந்த நேரம் யாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்களா? நன்றாக யோசித்து எழுதுங்கோ.

கொஞ்ச நாளைக்கு பஸ்ஸில் போகாதேங்கோ. சந்தைக்கு அப்பா போகட்டும். கரைக்கும் போகாதேங்கோ அம்மா. முதுகு நோ என்று சொல்லி வீட்டில் இருங்கோ. ஏன் என்று கேட்காதேங்கோ. யாராவது உங்களிடம் போனைக் காட்டி, இதைப் பாருங்கோ அக்கா என்று சொன்னால் பார்க்காதேங்கோ. கண் தெரியவில்லை என்று சொல்லுங்கோ.

அந்தோனியாரோடு உங்களுக்கு என்ன பேச்சு? எனக்குப் பயமாக இருக்கிறது. போனை நீங்களே வைத்திருங்கோ, நான் தொடவே மாட்டேன். அதை ஒருதரம் போட்டு, ஒரேயொரு சிநேகிதிக்கு, அனுஜா விடுதியில் இருக்கிறாள், போன் இல்லை என்று ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும். அவளுடைய நம்பர் எனக்குப் பாடமில்லை. அந்தப் போனுக்குள் மட்டும்தான் இருக்கிறது. நான் ஏன் மறுமொழி போடவில்லை என்று தெரியாமல் அவள் தவித்துக்கொண்டிருப்பாள்.

இங்கே என்னைப் படிக்க விடுகிறார்கள், நான்தான் படிக்கவில்லை. ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, நான் பார்க்காத நேரம் பார்த்து நடக்கிறது என்றே இருக்கிறது. பார்த்தாலும் பயம், பார்க்காவிட்டால் அதைவிடப் பயம்.

கெஞ்சிக் கேட்கிறேன் அம்மா. ஒரு மெசேஜ்.

அனுஜா


ஓலைத்தொடுவாய்
15.06.2024

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து அப்பா சிரித்தார், நான் சிரிக்கவில்லை. நான் கரைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் அடுப்பில் எதை வைப்பது? முதுகு நோவாம். எனக்குப் பொய் சொல்லிக் கொடுக்கிறாய்.

ஒரு மெசேஜ், ஒரேயொரு மெசேஜ். இந்தப் பாட்டை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். ரியூஷன் குறூப் என்றாய், தந்தேன். விஞ்ஞான நோட்ஸ் என்றாய், தந்தேன். ரீச்சருக்குச் சுகமில்லை, விசாரிக்க வேண்டும் என்றாய். அந்த ரீச்சர் அடுத்த நாள் கோயிலில் எனக்கு முன்னால் நின்று பாட்டுப் படித்தா. இப்போது சிநேகிதி. புலி வருகுது, புலி வருகுது என்று சொன்னவனின் கதைதான் உன் கதை.

சரி, இனி நீ கேட்கத் தேவையில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் நேர்ந்தேன். என் பிள்ளை எழும்பிச் சோறு தின்று, கண் மூடி நித்திரை கொண்டால் அந்தப் போனை உமக்கே தருவேன் அந்தோனியாரே என்றேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாய், படுக்கிறாய் என்று சிஸ்டர் எழுதியிருந்தா. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். நேற்று முன்தினம் திருநாள். பூசை முடிந்து நேர்த்திச் சாமான்கள் ஏலம் போட்டார்கள். சேவல், பூசணிக்காய், படகுக்காரச் சம்மாட்டியார் கொடுத்த பெரிய பாரைமீன், அதற்குப் பக்கத்தில் உன் போன். கோயில் மூப்பர் அருளப்பன் அதைத் தூக்கிக் காட்டி, "புனிதருக்கு நேர்ந்த சாமான், மூலையில ஒரு கீறல், மற்றும்படி பழுதில்லை" என்று கூறினார். சனம் எல்லாம் சிரித்தது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றேன்.

எங்களிடம் நண்டு எடுக்கும் றஊப் நானா கேட்டு எடுத்தார், படிக்கிற மகனுக்காம். அன்றைக்கே கடையில் கொடுத்து உள்ளே இருந்த எல்லாவற்றையும் துடைப்பித்துவிட்டார். "தங்கச்சி, பொம்பிளைப் பிள்ளை வச்சிருந்த சாமான். நாங்க ஒண்டும் திறந்து பாக்கயில்லை, அப்பிடியே அழிக்கச் சொன்னனான்" என்று நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். மரியாதையான மனிதர்.

அன்று முழுக்க என் உடம்பு லேசாக இருந்தது. நீயும் அதை மறந்துவிடு. மூன்று நாள் அழுவாய், நாலாம் நாள் பசிக்கும்.

அம்மா


வவுனியா
18.06.2024

அம்மா,

எல்லாமா? எல்லாவற்றையுமா அழித்தார்கள்?

இந்தக் கடிதத்தை சிஸ்டருக்குக் காட்டவில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் ஒரு பிள்ளையிடம் தபாலில் போடக் கொடுக்கிறேன். நான் முன்னே சொன்னதெல்லாம் பொய்தான். ரியூஷன் பொய், நோட்ஸ் பொய், ரீச்சரும் பொய். இது பொய்யில்லை. எப்படிச் சொன்னால் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் பெயர் ஜெனிற்றா. உயிலங்குளத்தில் இருக்கிறாள். நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை, டிக்டொக்கில்தான் பழக்கம். அவள் ஒருநாள் அவளுடைய அப்பாவை வீடியோ எடுத்தாள். வயலுக்குள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் புதைந்துவிட்டது, அவர் அதை மனிதரை ஏசுகிற மாதிரி ஏசினார். பார்க்கப் பகிடியாக இருந்தது. அவருக்குச் சொல்லாமல் போட்டுவிட்டாள். கேடு செய்ய நினைத்துப் போடவில்லை அம்மா. அவளை வகுப்பில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீடியோவுக்கு லைக் விழுந்துகொண்டே இருந்தது. தெரியாத ஆட்களெல்லாம் பாராட்டினார்கள். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

பிறகு யாரோ அதை எடுத்து வெட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், அவருடைய பல்லைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். உடுப்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி, எழுத முடியாததெல்லாம் எழுதினார்கள். இவள் தான் போட்டதை அழித்தாள். மற்றவர்கள் போட்டது ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் மறுமொழி எழுதினாள். ஒன்றுக்கு எழுதி முடிய இன்னும் பத்து வரும். தான் நித்திரை கொண்டால் அப்பாவுக்காகக் கதைக்க ஒருவரும் இல்லை என்று நித்திரை கொள்ளாமல் இருந்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

அவர் இன்னும் பார்க்கவில்லை. ஒருநாள் பார்ப்பார். அதற்கு முதல் தான் இல்லாமல் போய்விட வேண்டும் என்று அவள் சொல்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாங்கள் மெசேஜ் போட்டுக்கொள்வோம், அதனால்தான் அவள் இவ்வளவு நாளும் சமாளித்தாள். இப்போது அதுவும் இல்லை.

உயிலங்குளம் கோயிலுக்குப் பின்னால், குளக்கட்டுக்குப் போகிற பாதையில் மூன்றாவது வீடு. போய்ப் பாருங்கோ அம்மா. அனுஜா விடுதியில் இருக்கிறாள் என்று சொல்லுங்கோ.

இன்னொன்று. அவளுடைய அப்பாவுக்கு இது தெரிந்தால் அவர் என்ன நினைப்பார்? நீங்களும் ஒரு பிள்ளையைப் பெற்றவர்தானே. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுதுங்கோ. அதை மட்டுமாவது எழுதுங்கோ.

அனுஜா


ஓலைத்தொடுவாய்
22.06.2024

மகளுக்கு,

நல்ல சிநேகிதியாகத்தான் தேடிப் பிடித்திருக்கிறாய்.

என்ன தோன்றுகிறது என்று கேட்டாய், சொல்கிறேன். வெயிலில் நின்று உழைத்துச் சோறு போடுகிற தகப்பனைக் கூத்தாடியாக்கி ஊர் சிரிக்க விட்டிருக்கிறாள். எதற்கு? நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று. நாங்கள் படகேறி இந்தியாவுக்கு ஓடினோம். மண்டபம் முகாமில் வரிசையில் நிற்க வைத்துத் தலையை எண்ணினார்கள். அங்கேதான் நீ பிறந்தாய். திரும்பி வந்தபோது வீடில்லை, வலையில்லை, ஒன்றுமில்லை. மானம் ஒன்றுதான் இருந்தது. அதையும் சொந்தப் பிள்ளையே விற்றால் மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வது? அப்படியொரு பிள்ளை பிறக்காமலே இருந்திருக்கலாம். அந்த மனிதர் என்ன நினைப்பாரோ எனக்குத் தெரியாது. நானென்றால் அந்த முகத்தில் முழிக்க மாட்டேன்.

செத்துப்போவேன் என்று சொல்வதெல்லாம் அடி விழாமல் தப்புகிற தந்திரம். நீயும் போனைப் பறித்தபோது அப்படித்தான் கத்தினாய்.

கோபத்தில் எழுதுகிறேன். அப்பாவின் எஞ்சின் பழுதாகி ஒரு கிழமையாகத் தொழில் இல்லை, அதுவும் சேர்ந்து வருகிறது. மடுத் திருநாளுக்குப் போகிற பஸ் உயிலங்குளத்தால்தான் போகும். முடிந்தால் இறங்கிப் பார்ப்பேன், முடியாவிட்டால் மாதாவிடம் அந்தப் பிள்ளைக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

அம்மா


வவுனியா
26.06.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் எழுதியது சரிதான் அம்மா. நானும் யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. போனைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். அது இல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன். சிஸ்டரும் நான் நல்ல அமைதியாகிவிட்டேன் என்று சொன்னா.

ஜெனிற்றாவைப் பார்க்கப் போக வேண்டாம். அவள் இப்போது சரியாகிவிட்டாள். வீணாக இறங்கி அலையாதேங்கோ.

என்னுடைய ஓட்டச் சப்பாத்தை சித்தியின் மகள் நிவேதிகாவுக்குக் கொடுங்கோ. அவளுக்கு அளவாக இருக்கும். நீலப் பாவாடையும் அவளுக்குத்தான். கண்ணாடியில் போட்ட துவாயை எடுத்துவிடுங்கோ.

உங்களோடு நிறையச் சண்டை பிடித்துவிட்டேன். கையைக் கடித்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. அப்பாவுக்கும் சொல்லுங்கோ.

உங்கள் அன்பு மகள்
அனுஜா


வவுனியா, உன் விடுதியின் கீழ்மண்டபம்
01.07.2024

என் அனுஜாவுக்கு,

நான் கீழே கதிரையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் ஆட்களைப் பார்க்க விடுவார்களாம். "சிஸ்டர், நான் பிள்ளையைப் பாக்காமப் போகமாட்டன், பொலிசைக் கூப்பிட்டாலும் போகமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். சிஸ்டர் உடனே உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பினா. நீ வரமாட்டேன் என்றாயாம். நான் எல்லாவற்றையும் சிஸ்டரிடம் சொன்னேன். இப்போது அவ உன்னோடு இருக்கத்தான் மேலே வருகிறா. இந்தத் தாளும் பேனையும் அவதான் தந்தா. எழுதி முடிய ஒரு பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ வராவிட்டால் இதையாவது வாசி.

காலையில் சித்தியோடு மடுவுக்குப் பஸ் ஏறினேன். சனம் முட்டி வழிந்தது, எல்லோரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனோம். உன் கடிதம் என் பைக்குள் இருந்தது. அதை வாசித்த அன்று சந்தோஷப்பட்டேன், அந்தோனியார் கேட்டுவிட்டார் என்று. பிறகு சப்பாத்து என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சப்பாத்துக்காக நீ அழுத அழுகைக்கு அப்பா யாழ்ப்பாணம் வரை போய் வாங்கி வந்தவர். அதை ஏன் இப்போது கொடுக்கச் சொல்கிறாய்? ஜெபம் சொல்லச் சொல்ல இன்னொன்றும் வந்தது. ஜெனிற்றா சரியாகிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாயே. போன் இல்லை. அவளை நீ நேரில் கண்டதும் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?

வாயில் ஜெபம் நிற்கவில்லை. உயிலங்குளம் வந்ததும், "தம்பி, நிப்பாட்டுங்கோ, இறங்கப்போறன்" என்றேன். சித்தி கையைப் பிடித்தா. "அக்கா, மாதாட்டப் போற வழியில இறங்கக் கூடாது." "மாதாவும் பிள்ளை பெத்தவதானே, அவவுக்கு விளங்கும்" என்று இறங்கிவிட்டேன்.

நீ சொன்ன வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு மனிதர் சுவருக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். அவர்தான் ஜெனிற்றாவின் அப்பா, அல்பிரட். வயல் வேலை எப்படி என்று பேச்சைத் தொடங்கினேன். "எங்களுக்கு வயல் ஏது அக்கா? நான் மேசன். லாண்ட்மாஸ்டர் ஓட்டவும் தெரியாது" என்றார். அந்தப் பிள்ளை வெளியே வந்தாள். நான் அனுஜாவின் அம்மா என்று சொன்னேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இருந்துகொண்டு என்னிடம் கேட்டாள்:

"அன்ரி, அனுஜா இருக்கிறாளோ?"

அவள் இருக்கிறாளா என்று பார்த்துவரத்தான் என்னை அனுப்பினாய். அவள் உன்னைக் கேட்கிறாள். "ஏன் பிள்ளை அப்பிடிக் கேக்கிறாய்?" என்றேன். அவள் அழுது அழுது எல்லாம் சொன்னாள். நீ சொன்ன கதைதான். வயல் இருந்த இடத்தில் கடற்கரை, அப்பா இருந்த இடத்தில் நான், அவள் இருந்த இடத்தில் நீ.

வீடியோவைக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். காட்டாமல் போகமாட்டேன் என்றேன். நான் வலைக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். ஒரு நண்டு என் விரலைப் பிடித்துவிட்டது. "கலியாணம் கேட்டு வந்தவன் மாதிரிக் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய், விடடா நாயே" என்று ஏசுகிறேன். பஸ்ஸில் அந்தப் பெடியன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அப்போதுதான் விளங்கியது. நீ ஏன் என்னைக் கரைக்குப் போக வேண்டாம் என்றாய் என்றும் விளங்கியது.

பொய் சொல்ல மாட்டேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, முகமெல்லாம் எரிந்தது. கீழே எழுதியிருப்பதை வாசி என்றேன். "வேண்டாம் அன்ரி" என்றாள். "வாசி" என்றேன். கருவாட்டு ராணியாம். அகதிக் கிழவியாம். என் பல்லை வைத்துத் தேங்காய் துருவலாமாம். ஒவ்வொன்றுக்கும் கீழே உன் பெயர் இருந்தது. "அது என்ர அம்மா. உங்கட அம்மாவை இப்பிடிச் சொல்லுவீங்களோ?" அடுத்ததற்குக் கீழேயும் அதே. அதற்கடுத்ததற்கும் அதே. அவள் விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நானே போதும், நிப்பாட்டு என்றேன். நீ மாதக்கணக்கில் இதற்குள் இருந்திருக்கிறாய்.

கக்கூசுக்குள் இருந்து நீ செய்தது இதுதானா பிள்ளை? சோறு இறங்காமல் இருந்தது இதற்காகவா? நான் உன்னை அடித்துப் போனைப் பறித்தபோதும் நீ எனக்காகத்தான் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாய். இது தெரியாமல் உன்னை வருத்தக்காரி என்றேன். வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அது எங்கே பிடித்தது என்று நான் கேட்கவில்லை.

வீடியோ போட்டது பிழை. எனக்குச் சொல்லாமல் போட்டது பெரிய பிழை. அதற்கு நான் ஏசத்தான் போகிறேன், நாளைக்கோ அடுத்த கிழமையோ, நீ நன்றாகச் சாப்பிட்ட பிறகு. ஏச்சு வாங்கினால் முடிந்துபோகிற பிழை அது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று எழுதினேன். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை என்று நினைத்து எழுதினேன். யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைக்கும் நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப்போடு. முகத்தில் முழிக்க மாட்டேன் என்றும் எழுதினேன். இந்தா, அந்த முகத்தைப் பார்க்க மடுவை விட்டுவிட்டு வந்து இருக்கிறேன்.

சிரிக்கிறவன் சிரிக்கட்டும். என் பல்லு அப்படித்தான். பசியோடு வரிசையில் நின்றவள் நான், சிரிப்பு எனக்கு என்ன செய்யும்? கொஞ்ச நாள் எரியும், போய்விடும். நீ இல்லாமல் போனால் எனக்குப் போகாது அனுஜா. அதற்குப் பிறகு நான் எந்தக் கரையில் போய் நண்டு கழற்றுவேன்? யாருக்காகக் கழற்றுவேன்?

நாளைக்கு ஆஸ்பத்திரியில் இப்படியான மனவருத்தம் பார்க்கிற டொக்டரிடம் போவோம், சிஸ்டரும் வருகிறா. பிறகு நீ இங்கே இருப்பதோ வீட்டுக்கு வருவதோ, நீ சொல்கிறபடி.

வெளிக்கிடும்போது ஜெனிற்றாவிடம் கேட்டேன், "நீ அவளுக்கு என்ன சொல்லித் தேற்றினனீ?" என்று. "ஒண்டும் சொல்லேல்லை அன்ரி. இருக்கிறியா எண்டு கேப்பன். இருக்கிறன் எண்டு எழுதுவாள். அவ்வளவுதான்" என்றாள். எனக்கு அது தோன்றவில்லை. சாப்பிட்டாயா, படித்தாயா, போனை வைத்தாயா என்றுதான் நான் கேட்டிருக்கிறேன்.

இப்போது கேட்கிறேன். அனுஜா, இருக்கிறாயா?

அம்மா


அதே தாளின் பின்பக்கம்

இருக்கிறன் அம்மா. முகம் கழுவிப்போட்டு வாறன். போயிடாதேங்கோ.